கூம்புக்கும் குழாய்க்கும் நடுவே

மாதிரி ராக்கெட்டுக்கென்று கடையில் விற்கும் மோட்டார் கனமான காகித உறைக்குள் மருந்து அடைத்த ஒரு சிறு உருளை. பரவலாகப் புழங்கும் ரகத்தின் விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 70 மில்லிமீட்டர். உறையின்மேல் ‘சி6-5’ என்பதுபோல ஒரு குறி அச்சாகியிருக்கும். எழுத்து, அந்த மோட்டார் மொத்தத்தில் எவ்வளவு தள்ளும் என்பதைக் காட்டும் வகுப்பு. ஆறு என்பது சராசரி உந்துவிசை, நியூட்டன் கணக்கில். கடைசியில் நிற்கும் ஐந்துதான் இங்கே நமக்கு வேண்டிய எண். உந்து மருந்து எரிந்து தீர்ந்ததும் ஐந்து நொடிகளுக்கு ஒரு தாமத மருந்து புகைந்துகொண்டிருக்கும். அதற்குள் ராக்கெட் ஏற்கெனவே பெற்ற வேகத்திலேயே ஏறி, வேகம் வடிந்து, உச்சியை நெருங்கிவிடும். ஐந்தாவது நொடி முடிவில், மோட்டாரின் தலைப்பக்கம் அடைத்திருக்கும் கொஞ்சம் கருமருந்து வெடிக்கும். இந்த முறை நெருப்பு வெளியே போகாது. ராக்கெட்டின் வயிற்றுக்குள்ளேயே, மேல்நோக்கிப் பாயும்.

அடுத்து நடப்பது இமைப்பொழுதில் முடிந்துவிடுகிறது. சூடான வாயு குழாயை நிறைத்து, தீப்பற்றாதபடி பதப்படுத்திய டிஷ்யூ தாள்களைத் தள்ளுகிறது. தாள்கள் மடித்து வைத்த பாராசூட்டைத் தள்ளுகின்றன. பாராசூட் மூக்குக் கூம்பைத் தள்ள, கூம்பு கழன்று பறக்கிறது. குழாய் எதிர்ப்பக்கம் உதைபடுகிறது. ஒரே உடலாக ஏறிய ராக்கெட், இரண்டு துண்டாகி, ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடுகிறது. அந்த ஓட்டத்தை நிறுத்தி, இரண்டையும் ஒரே பாராசூட்டின் கீழே கட்டித் தரையிறக்க அங்கே இருப்பது ஒரு கயிறு மட்டுமே. ராக்கெட் கட்டுகிறவர்கள் அதை ஷாக் கார்டு என்கிறார்கள். முதல் உலகப்போர்க் கால விமானங்களில் சக்கர அச்சைச் சட்டத்தோடு சேர்த்துச் சுற்றிக் கட்டி, தரையிறங்கும் குலுக்கலை வாங்கிக்கொண்ட ரப்பர் கயிற்றுக்கும் அதே பெயர்தான்.

வேடிக்கை பார்ப்பவர் கண்ணுக்கு இந்தக் கயிறு தெரியாது. நெருப்பும் புகையும் தெரியும், உச்சியில் விரியும் நிறமான பாராசூட் தெரியும். ஆனால் பொழுதுபோக்கு ராக்கெட்டில் எனக்கு ஆகப் பிடித்த பகுதி இந்தக் கயிறுதான். கடைக்குப் போய் ‘ஒரு கயிறு கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிக் கட்டிவிடக்கூடிய பொருள் போலத்தான் இருக்கிறது. எதைக் கட்டுவது என்று உட்கார்ந்து யோசித்தாலோ, ரப்பர் ஏன் நீள்கிறது, நைலான் ஏன் உருகுகிறது, கெவ்லார் ஏன் உருகாது என்று வேதியியலின் அடிமட்டம்வரை இறங்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்கு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், நார்ஃபோக் என்ற ஊரில் ஒரு செருப்புக் கடைக்காரர் வீட்டில் பிறந்தது. ஆர்வில் கார்லைல் வாணவேடிக்கையில் பித்துக்கொண்டவர். அவர் சகோதரர் ராபர்ட்டுக்கு மாதிரி விமானங்களில் ஈடுபாடு. இருவரும் சேர்ந்து 1954-ல் ஒரு காகித ராக்கெட்டைச் செய்தார்கள். அதற்கு ராக்-எ-ஷூட் என்று பெயர் வைத்தார்கள். பாராசூட் பெயரிலேயே சேர்ந்துவிட்டது. மேலே போவதைப் போலவே முழுசாகத் திரும்பி வருவதும் முக்கியம், திரும்பி வந்ததில் புது மோட்டாரைச் செருகி மறுபடி ஏவ வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதே காலத்தில் அமெரிக்கப் பையன்கள் இரும்புக் குழாயில் மருந்தை இடித்து நிரப்பி ராக்கெட் விடப் பார்த்துக் கை விரல்களை இழந்துகொண்டிருந்தார்கள். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் பணியாற்றிய ஜி. ஹாரி ஸ்டைன் இந்த ஆபத்தைப் பற்றி 1957-ல் பத்திரிகையில் எழுத, அதைப் படித்த கார்லைல் தன் மாதிரிகளை அவருக்கு அனுப்பிவைத்தார். ஸ்டைன் அவற்றை ஏவிப் பார்த்துவிட்டு, அதே ஆண்டில் ஒரு நிறுவனத்தையும் ஒரு தேசிய சங்கத்தையும் தொடங்கினார். மோட்டார்களை ஆயிரக்கணக்கில் செய்ய ஆள் தேவைப்பட்டது. கொலராடோவின் வெர்ன் எஸ்டிஸ் அதற்கென்றே ஒரு தானியங்கி இயந்திரத்தைக் கட்டி, அதற்கு மேபல் என்று பெயரிட்டார். இன்றும் பல சிறுவர்களின் முதல் ராக்கெட் எஸ்டிஸ் பெட்டியிலிருந்துதான் வருகிறது.

அந்தப் பெட்டியில் வந்த கயிறு, பட்டையான ஒரு ரப்பர் துண்டு. ஒரு முனையைக் கூம்பின் அடியிலுள்ள வளையத்தில் முடிச்சிட வேண்டும். மறுமுனையை ஒரு காகிதத் துண்டில் வைத்து, பசை தடவி, மூன்றாக மடித்து, குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே உட்சுவரில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளை விரலை விட்டு அழுத்தி ஒட்டிவிடக்கூடிய வேலை. லட்சக்கணக்கான ராக்கெட்டுகள் இப்படிப் பறந்து திரும்பியிருக்கின்றன. ஆகவே ரப்பரிலிருந்தே தொடங்குவோம்.

இரண்டு துண்டுகள் விலகி ஓடும்போது அவற்றிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. கயிறு இறுகியதும் அந்த ஆற்றல் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். கணக்குக்காக, 20 கிராம் கூம்பு நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பிரிகிறது என்றும், குழாய் அசையாமல் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆற்றல் 2.25 ஜூல். மேசையிலிருந்து கால் கிலோ சர்க்கரைப் பொட்டலம் கீழே விழும்போது தரையில் இறக்குவதும் ஏறத்தாழ இவ்வளவுதான். இந்த 2.25 ஜூலை ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்தினால், சராசரி இழுவிசை 225 நியூட்டன். 23 கிலோ எடையைக் கயிற்றில் தொங்கவிட்டதற்குச் சமம். அதையே 45 சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தினால் வெறும் 5 நியூட்டன். அரைக் கிலோ எடை. கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் கையைப் பந்தோடு சேர்த்துப் பின்னால் இழுத்துக்கொள்வாரே, அதே கணக்கு. பந்தின் ஆற்றல் குறையவில்லை. அது செலவாகும் தூரம் கூடியிருக்கிறது.

ரப்பர் இந்தத் தூரத்தைத் தாராளமாகத் தருகிறது. தன் நீளத்தைப் போல ஐந்து, ஆறு மடங்குவரை அறாமல் நீளும். இப்படி நீளும் விதம் இரும்புச் சுருள்வில் நீளும் விதத்திலிருந்து முற்றிலும் வேறு. தடித்த ரப்பர் வளையம் ஒன்றை எடுத்துச் சட்டென்று இழுத்து, இழுத்த நிலையிலேயே மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். சில நொடிகள் அப்படியே பிடித்திருந்து, பிறகு சட்டென்று தளர்த்தி மறுபடி உதட்டில் வைத்தால் சில்லென்றிருக்கும். இதை முதலில் கவனித்து எழுதியவர் ஜான் கஃப். இங்கிலாந்தின் கெண்டல் நகரத்துக்காரர். சிறுவயதில் அம்மையில் பார்வையை இழந்தவர். அணுக் கொள்கைக்குப் பெயர்பெற்ற ஜான் டால்டன் இளைஞராக இருந்தபோது அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். கண் இல்லாத அந்த மனிதர் ரப்பரை உதட்டில் வைத்து உணர்ந்த சூட்டை 1805-ல் வெளியிட்டார். அரை நூற்றாண்டு கழித்து ஜேம்ஸ் ஜூல் அதை அளந்து உறுதிசெய்தார்.

சூட்டுக்குக் காரணம் மூலக்கூறின் வடிவம். ரப்பர் என்பது ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த மெல்லிய நீண்ட சங்கிலிகள். அங்கங்கே கந்தகப் பாலங்கள் அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. அந்தப் பாலங்களைப் போடும் வித்தை 1839-ல் சார்லஸ் குட்இயர் கைக்குச் சிக்கியது. இழுக்காதபோது ஒவ்வொரு சங்கிலியும் தாறுமாறாகச் சுருண்டு, வெப்பத்தால் ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கிறது. இழுத்தால் சங்கிலிகள் நிமிர்ந்து வரிசைப்படுகின்றன. வேதிப்பிணைப்பு எதுவும் நீளவில்லை; சுருண்டிருந்தது நிமிர்ந்திருக்கிறது, அவ்வளவே. நெளியும் சுதந்திரம் பறிபோன சங்கிலிகள் அந்த ஆற்றலைச் சூடாக வெளியே விடுகின்றன. நிமிர்ந்த சங்கிலியைத் திரும்பச் சுருட்டுவதும் அதே வெப்ப அசைவுதான். எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால், உலோகம்போல நீளாமல் அது சுருங்கி எடையை மேலே தூக்கும். கையில் இருக்கிற ஐந்து பைசா பெறாத பொருளில் வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி வேலை செய்துகொண்டிருக்கிறது. இதை முதன்முதலில் புரிந்துகொள்ளும்போது ஏற்படும் சிலிர்ப்பு எத்தனை முறை நினைத்தாலும் எனக்குக் குறைவதில்லை.

சுருங்கும் குணம் ராக்கெட்டில் ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. ரப்பர் வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். முழுவதும் நீண்ட பட்டை சுருங்கும்போது கூம்பை அதே வேகத்துக்குக் கிட்டத்தட்ட திரும்ப இழுக்கிறது. கூம்பு குழாயில் வந்து மோதி, காகிதச் சுவரில் பிறை வடிவில் ஒரு பள்ளத்தை ஏற்படுத்துகிறது. பழைய ராக்கெட்டுகளில் வாய்க்குக் கீழே இந்தத் தழும்பைப் பார்க்கலாம். அமெரிக்க ராக்கெட் மைதானங்களில் இதற்கு எஸ்டிஸ் பள்ளம் என்றே பெயர். மென்மையான கயிறு, வலிக்காமல் நிறுத்துகிறது என்று நினைத்துக் குட்டையான ரப்பரைக் கட்டினால் கிடைக்கும் பலன் இது.

ரப்பரின் இன்னொரு எதிரி காற்று. சங்கிலியில் இடைவிட்டு இடைவிட்டு இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றில் மிகச் சொற்பமாக இருக்கும் ஓசோன் அவற்றைத் தேடி வெட்டும். இழுபட்ட அல்லது மடிந்த நிலையில் இருக்கும் ரப்பரில் அந்த வெட்டுகள் இழுவைக்குக் குறுக்கே விரிசல்களாகத் திறந்துகொள்ளும். கருமருந்தின் சூடும் சேர்ந்தால், காகித மடிப்பிலிருந்து பட்டை வெளிவரும் அந்த ஒரு வளைவில்தான் முதலில் அறும். அலமாரியில் சில ஆண்டுகள் கிடந்த ராக்கெட்டை எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பட்டையை அந்த வளைவில் நன்றாக இழுத்துப் பார்ப்பது. மேற்பரப்பில் மயிரிழை போன்ற குறுக்குக் கோடுகள் தெரிந்தால் அதைக் கழற்றிவிட வேண்டியதுதான். தையல் கடை எலாஸ்டிக் கொஞ்சம் மேல். உள்ளே மெல்லிய ரப்பர் இழைகள், மேலே நூல் பின்னல். பின்னல் ரப்பரைக் காற்றிலிருந்து ஓரளவு காக்கிறது. நூல்கள் ஒன்றோடொன்று உரசுவதில் ஆற்றலில் ஒரு பங்கு கரைந்துபோவதால் திரும்ப அடிப்பதும் குறைகிறது. சிறிய ராக்கெட்டுக்கு நான் கை வைப்பது இதன்மேல்தான்.

ஆனால் எலாஸ்டிக்கும் நெருப்புக்கு முன்னால் நிற்காது. குழாயின் வாயருகே ஒட்டாமல் கயிற்றை அடியிலுள்ள மோட்டார் கூட்டிலேயே கட்டினால் பிடிமானம் நன்றாக இருக்கும். காகிதச் சுவரிலிருந்து பிய்ந்து வராது. அங்கேயோ ஒவ்வொரு முறையும் கருமருந்தின் தீ நேராகக் கயிற்றின்மேல் படும். அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததுதான் கெவ்லார்.

டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் 1965-ல் டயர்களுக்கு எடை குறைந்த, உறுதியான இழை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் தயாரித்த ஒரு கரைசல் மற்றவைபோலத் தெளிவாகவும் கெட்டியாகவும் இல்லை. கலங்கலாக, நீர்த்துக் கிடந்தது. கெட்டுப்போனது என்று கொட்டிவிடக்கூடிய சரக்கு. இழை நூற்கும் கருவியைப் பார்த்துக்கொண்டவர், கலங்கலில் உள்ள துகள்கள் நுண்துளைகளை அடைத்துவிடும் என்று முதலில் மறுத்தார். குவோலெக் விடாமல் வற்புறுத்தி நூற்க வைத்தார். வந்த இழை அறவேயில்லை. கலங்கலுக்குக் காரணம் அழுக்கல்ல; குச்சிபோல் விறைத்த மூலக்கூறுகள் கரைசலிலேயே தாமாகக் கூட்டங்கூட்டமாய் ஒரே திசையில் அணிவகுத்திருந்தன. நுண்துளை வழியாக இழுத்ததும் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்துவிட்டன.

நைலானும் கெவ்லாரும் ஒரே குடும்பம். இரண்டும் டூபாண்டின் அதே ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. வாலஸ் கரோதர்ஸின் குழு 1935-ல் நைலானைச் செய்தது, கெவ்லார் முப்பது ஆண்டு பிந்தியது. இரண்டிலும் மூலக்கூறைக் கோக்கும் முடிச்சு அதே அமைடு பிணைப்பு. வித்தியாசம் முடிச்சுகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பதில்தான். நைலானில் வளைந்து முறுக்கிக்கொள்ளக்கூடிய கார்பன் சங்கிலி. கெவ்லாரில் வளைய மறுக்கும் பென்சீன் வளையம். இந்த ஒரு மாற்றத்திலிருந்து மற்ற எல்லாம் வந்துவிடுகின்றன. நைலான் அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குபோல நீளும். கெவ்லார் சுமார் 3 முதல் 4 சதவீதம்தான். நைலான் ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸில் உருகிச் சொட்டும். கெவ்லாருக்கு உருகுநிலையே கிடையாது. 400 டிகிரிக்கு மேலே போய்க் கருகத்தான் செய்யும். இரண்டாம் உலகப்போரில் பட்டுக்குப் பதிலாகப் பாராசூட்டில் ஏறிய நைலானும், குண்டு துளைக்காத சட்டையில் சேர்ந்த கெவ்லாரும், ராக்கெட்டின் ஒரே குழாய்க்குள் பக்கத்தில் பக்கத்தில் சுருண்டு கிடப்பது இப்படித்தான்.

கெவ்லார் கிடைத்ததும் பலருக்குத் தோன்றும் யோசனை, அடியிலிருந்து கூம்புவரை முழுவதும் கெவ்லாரே கட்டிவிடலாம் என்பது. எரியாது, அறாது, எடையும் குறைவு. கணக்கைத் திரும்பப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் கெவ்லார் கயிறு அறும் எல்லைவரை இழுபட்டாலும் இரண்டு சென்டிமீட்டரை ஒட்டித்தான் நீளும். அதாவது நம் கூம்பு ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டருக்குள் நிறுத்தப்படும். சராசரியில் 150 நியூட்டனுக்குக் குறையாத அடி. கெவ்லார் அதை உணரவே உணராது. உணர்வது குழாயின் வாய். ராக்கெட் பக்கவாட்டில் திரும்பியிருக்கும் நேரத்தில் மெல்லிய கயிறு அந்தக் காகித விளிம்பின்மேல் மடிந்து இறுகுகிறது. விளிம்பில் ஒரு கீறல் விழுகிறது. கயிறு அந்தக் கீறலுக்குள்ளேயே இறங்கி, குழாயை நீளவாக்கில் சில சென்டிமீட்டர் கிழித்துக்கொண்டு போகிறது. பெட்டியின் ஜிப்பைத் திறந்ததுபோல நேராக இருப்பதால் அதற்கு ஜிப்பர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கையில் எடுத்துப் பார்த்தால், கிழிந்த காகிதத்தின் உதடுகள் இரண்டும் வெளிப்பக்கம் மடிந்து நிற்கும். கயிற்றில் ஒரு நூல்கூடப் பிரிந்திருக்காது.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் கயிற்றை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. அது பல இடங்களால் ஆனது. அடியில் நெருப்பு, அங்கே கெவ்லார். நடுவில் தூரம் தேவை, அங்கே எலாஸ்டிக். இரண்டும் சேரும் முடிச்சு எங்கே வர வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கெவ்லார் துண்டை முழுவதும் நிமிர்த்தினாலும் அதன் முனை குழாயின் வாய்க்கு உள்ளேயே நிற்கும்படி அளந்து வெட்ட வேண்டும். அப்படியானால் விளிம்பில் உரசுவது அகலமான, மென்மையான எலாஸ்டிக் மட்டுமே. கெவ்லாரை வாய்க்கு வெளியே நீட்டியே ஆக வேண்டும் என்றால், விளிம்பைத் தாண்டும் இடத்தில் ஒரு பஞ்சு உருண்டையோ தடித்த டேப் சுற்றோ வைத்து விசையைப் பரப்ப வேண்டும். விளிம்பின் காகிதத்துக்குள் நீர்த்த சூப்பர் குளூவை ஊறவிட்டு இறுக்குவதும் வழக்கம். பெரிய ராக்கெட்டுகளில் இன்னும் ஒருபடி போய், கயிறு வெளிவரும் பகுதியில் திறந்த விளிம்பே இல்லாதபடி இணைப்புக் குழாயை மூடி அமைத்துவிடுகிறார்கள். கிழிவதற்கு அங்கே வாய் இருக்காது.

முடிச்சிலும் கவனம் வேண்டும். கெவ்லார் இழைக்கு நீளவாக்கு இழுவையில் இருக்கும் உறுதி, வளைவில் இல்லை. வளைவின் உட்பக்கம் நசுங்கும் இழைகள் மடிந்துபோகின்றன. முடிச்சிட்ட கெவ்லார் தன் பலத்தில் பாதிவரை இழந்துவிடும். போதாததற்கு அதன் மேற்பரப்பு வழுவழுப்பானது, சாதாரண முடிச்சு நழுவும். ஒரு சொட்டுப் பசை வைப்பது வீண் எச்சரிக்கை ஆகாது. வெயிலும் அதற்கு ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டால் பொன்மஞ்சள் நிறம் மங்கிப் பழுப்பாகும், பலமும் கூடவே போகும்.

சிறிய ராக்கெட்டில் கயிறு எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்று கேட்டால் பதில் வியப்பாக இருக்கும். 30 சென்டிமீட்டர் பாராசூட் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் திடீரென்று முழுவதும் விரிந்தாலும், காற்று அதன்மேல் கொடுக்கும் இழுவிசை ஏறத்தாழ 30 நியூட்டன்தான். மெல்லிய கெவ்லார் நூலே அதைப் போலப் பத்து மடங்கைத் தாங்கும். பலக்குறைவால் கயிறு அறுந்து ராக்கெட் தொலைவது அபூர்வம். கருகி அறும், முடிச்சு நழுவும், ஒட்டிய காகிதம் பிய்ந்து வரும். கடையில் ‘ஆகப் பலமானது எது’ என்று கேட்டு வாங்கும் பழக்கம் இந்த இடத்தில் நம்மைத் தவறான பக்கம் கூட்டிப்போகிறது.

நீளத்தில் காட்டும் தாராளம் அதைவிடப் பயன் தரும். ஒரே கயிற்றை இரண்டு மடங்கு நீளமாக எடுத்தால் அதன் விறைப்பு பாதியாகிறது. அதே ஆற்றலை வாங்கும்போது உச்ச இழுவிசை ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. சிறிய ராக்கெட்டுக்கு உடல் நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு, பெரியதற்கு மூன்று முதல் ஐந்து மடங்கு என்பது கட்டுபவர்கள் கைவழக்கமாகக் கடைப்பிடிக்கும் அளவு. நீளமான கயிற்றுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சுருங்கி வரும் கூம்பு குழாயை எட்டுவதற்குள் களைத்துவிடும், பள்ளம் விழாது. இதெல்லாவற்றையும்விடப் பெரிய காரணி நேரம். ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடுவது. தாமத எண்ணைத் தவறாகத் தேர்ந்து, உச்சியைத் தாண்டி ராக்கெட் தலைகீழாகப் பாய ஆரம்பித்த பிறகு கருமருந்து வெடித்தால், எந்தக் கயிறும் குழாயைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. மோட்டாரின்மேல் அச்சான அந்தக் கடைசி எண்ணும் கயிற்றுத் தேர்வில் ஒரு பங்குதான்.

ராக்கெட் சில கிலோ எடைக்கு வளர்ந்ததும் எலாஸ்டிக்கின் காலம் முடிகிறது. அவ்வளவு எடையை அது இழுத்து நிறுத்துவதற்குள் அறுந்துவிடும், அறாவிட்டால் பயங்கரமாகத் திருப்பி அடிக்கும். அங்கே மலையேறிகள் பயன்படுத்தும் குழல் வடிவ நைலான் நாடா வருகிறது. நீட்சி எலாஸ்டிக்கைவிடக் குறைவு, கெவ்லாரைவிடப் பல மடங்கு அதிகம். வாங்கிய ஆற்றலில் கணிசமான பங்கை உள் உராய்வில் சூடாகக் கரைத்துவிடும். தீயில் உருகும் என்பதால் மோட்டாரை ஒட்டிய ஓரிரு அடிக்குத் தீயணைப்பு வீரர்களின் உடைக்கான நோமெக்ஸ் துணியில் உறை போடுகிறார்கள்.

செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கும் இதே இழைகள்தான். பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரியில் இறங்கியபோது விரிந்த 21.5 மீட்டர் பாராசூட், நைலான், கெவ்லார், ஜப்பானியத் தயாரிப்பான டெக்னோரா ஆகிய மூன்றையும் கலந்து நெய்தது. 2018 செப்டம்பரில் அந்த ரகப் பாராசூட்டை நாசா ஓர் ஆய்வு ராக்கெட்டில் ஏற்றிச் சோதித்தது. 0.4 நொடியில் அது முழுவதும் விரிந்தது. 30 டன்னுக்கு மேற்பட்ட எடைக்குச் சமமான விசை கயிறுகளில் இறங்கியது. எந்த இழையை எந்த இடத்தில் வைப்பது என்ற அதே கேள்விதான் அங்கேயும், இலக்கங்கள் மட்டும் பெரியவை.

நைலான்கூட வாங்கியதில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. ஒன்றையுமே திருப்பித் தராத கயிறு வேண்டுமென்றால், எதையாவது உடைக்க வேண்டும். உயரமான சாரங்களில் வேலை செய்பவரின் பாதுகாப்புக் கயிற்றில் ஒரு சிறு பொதி தொங்கும். அதற்குள் நாடாவை மடித்து மடித்துத் தைத்திருப்பார்கள். ஆள் தவறி விழுந்தால் அந்தத் தையல்கள் ஒவ்வொன்றாகப் பிரியும். ஒவ்வொரு தையலும் பிரியக் கொஞ்சம் ஆற்றல் செலவாகும், அது திரும்பி வரவே வராது. விழுந்தவர் உடலில் இறங்கும் விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பியத் தர விதி. பெரிய ராக்கெட் கட்டுகிறவர்கள் இதையே ஒரு சுருள் மாஸ்கிங் டேப்பில் செய்துவிடுகிறார்கள். நீண்ட நைலான் நாடாவைக் கையகலத்துக்கு முன்னும் பின்னுமாக மடித்து, நாலைந்து மடிப்புக்கு ஒரு சுற்று டேப் ஒட்டுவார்கள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு கட்டுகளை வரிசையாகக் குழாய்க்குள் வைப்பார்கள். கருமருந்து வெடித்துக் கூம்பு ஓட ஆரம்பித்ததும் முதல் கட்டு பிய்யும், கொஞ்சம் வேகம் குறையும். இரண்டாவது பிய்யும், இன்னும் கொஞ்சம் குறையும். கடைசிக் கட்டு பிய்ந்து நாடா நிமிரும்போது நிறுத்துவதற்கு அதிகம் மிஞ்சியிருக்காது. தரையிறங்கியதும் கிழிந்த டேப் துண்டுகளை எண்ணிப் பார்ப்பார்கள். எல்லாம் கிழிந்திருந்தால் அடுத்த முறைக்கு இன்னும் சில கட்டுகள் கூட்டுவார்கள். கடைசி மூன்று நான்கு கிழியாமல் அப்படியே இருந்தால், நாடாவை அதே அளவில் மடித்து, புது டேப்பை ஒட்டி, அடுத்த மோட்டாரைச் செருகலாம்.